டேப்லெட்டா, ஈ-இங்க் ரீடரா? – அப்பா சொன்ன தீர்ப்பு

எழுதி ரொம்ப நாளாச்சு மக்களே. ஆபீஸ்ல ஆணி அதிகம். புடுங்கிட்டு நிமிர்ந்து பார்த்தா மூணு மாசம் ஓடிப்போச்சு. இந்தப் பக்கம் ஒட்டடை அடிக்கவே ஒரு நாள் ஆகும் போல.

விஷயம் என்னன்னா, போன வாரத்துல மட்டும் மூணு பேர் ஒரே கேள்வியைக் கேட்டுட்டாங்க. "மச்சி, புக் படிக்கிறதுக்கு டேப்லெட் வாங்கலாமா, இல்ல கிண்டில் மாதிரி ரீடர் வாங்கலாமா?" நாம பொட்டி தட்டுற ஆளுங்கறதால எது கேட்டாலும் தெரியும்னு ஒரு நம்பிக்கை. ஃபிரிட்ஜ் ரிப்பேருக்குக் கூட எனக்குத்தான் போன் வரும். மூணு பேருக்கும் மூணு தடவை சொன்னதை ஒரே இடத்துல எழுதி வெச்சுட்டா அடுத்த ஆளுக்கு இதையே நீட்டிடலாம் பாருங்க. அதான் இந்தப் பதிவு.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி கேட்டிருந்தா எக்ஸெல் ஷீட் போட்டுக் கொடுத்திருப்பேன். எடை, பேட்டரி, ஒரு அங்குலத்துக்கு எத்தனை புள்ளி, விலைன்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு காலம். நிஜமாவே போட்டேன். அந்த ஷீட்டை ஒரே மாசத்துல குப்பையில போட வெச்சவர் எங்கப்பா. அவர் கதையைச் சொல்லாம இதுக்குப் பதில் சொல்ல முடியாது. கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன், பொறுத்துக்கோங்க.

எங்க ஊர் மூங்கில்துறைப்பட்டு. திருவண்ணாமலையிலேர்ந்து சங்கராபுரம், கள்ளக்குறிச்சி போற வழி. தென்பெண்ணைக் கரை. மேல சாத்தனூர் அணை, இந்தப் பக்கம் தூரத்துல கல்வராயன் மலை. நான் படிக்கும்போது விழுப்புரம் மாவட்டம், 2019 நவம்பர்ல கள்ளக்குறிச்சி மாவட்டம் ஆயிடுச்சு. ஊருக்கு அடையாளம்னா கூட்டுறவு சர்க்கரை ஆலைதான். அரவை சீசன்ல ராத்திரி பூரா கரும்பு வண்டி வரிசை கட்டி நிக்கும். மொலாசஸ் வாசனைதான் எனக்கு ஊர் வாசனை. சென்னையில கரும்பு ஜூஸ் கடையைத் தாண்டும்போதெல்லாம் ஒரு செகண்ட் ஊர் ஞாபகம் வந்துட்டுப் போகும்.

அப்பா அந்த ஆலையில எடை மேடை கிளார்க். வண்டி ஏறும், எடை போடணும், டோக்கன் எழுதணும், வண்டி இறங்கும். அடுத்த வண்டி ஏறுறதுக்குள்ள ரெண்டு நிமிஷமோ அஞ்சு நிமிஷமோ கிடைக்கும். அந்த இடைவெளியில படிப்பார். வாரப் பத்திரிகைத் தொடர்கதை எல்லாத்தையும் கிழிச்சு, சேர்த்து, கோணி ஊசியால தெச்சு, அட்டை போட்டு பைண்டு பண்ணி வெச்சிருப்பார். அது ஆலை பூரா சுத்தும். ஒருத்தர் படிச்சு அடுத்த ஷிஃப்ட் ஆளுக்கு, அவர்கிட்டேர்ந்து பாய்லர் ஹவுஸுக்கு. திரும்பி வரும்போது டீக்கறையும் கரும்புச் சாம்பலும் சேர்ந்தே வரும். எனக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கக் கத்துக்கொடுத்ததே அந்த பைண்டிங்குங்கதான்.

2019-ல ரிட்டயர் ஆனார். முப்பத்தஞ்சு வருஷம் சர்க்கரை ஆலையில இருந்துட்டு கடைசியில சர்க்கரையும் வந்து சேர்ந்துச்சுன்னு அவரே ஜோக் அடிப்பார். ஒரு கண்ணுல புரை ஆபரேஷன் ஆச்சு. இன்னொரு கண்ணுல சர்க்கரையால விழித்திரையில கொஞ்சம் பாதிப்பு. நான் ஊருக்குப் போறப்பல்லாம் திண்ணையில பேப்பரை விரிச்சு வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பார். சரி, மனுஷன் நல்லாத்தான் இருக்கார்னு நெனச்சுக்கிட்டு நான் பாட்டுக்கு பஸ் ஏறிடுவேன்.

2023 தீபாவளி சமயம். அம்மா போன்ல சொன்னாங்க: "உங்கப்பா பேப்பர் படிக்கறதில்லைப்பா. சும்மா புடிச்சிக்கினு உக்காந்திருக்கார். பக்கத்தைத் திருப்பறார், அவ்ளோதான். நேத்து நானே பார்த்தேன், தலைகீழா வெச்சிருந்தார்."

எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல. அவர்கிட்டக் கேட்டா, "படிச்சதெல்லாம் போதும்டா, இனிமே படிச்சு எந்தப் பரீட்சை எழுதப் போறேன்"னுட்டார். அப்ப பிறந்ததுதான் மேலே சொன்ன எக்ஸெல் ஷீட். பிரச்சினைன்னு ஒண்ணு வந்தா ஷீட் போடறதுதானே நமக்குத் தெரிஞ்ச ஒரே வித்தை.

ஷீட் சொன்ன தீர்ப்பு டேப்லெட். பத்து அங்குலத் திரை, எழுத்தை எவ்வளவு வேணா பெருசாக்கலாம், வெளிச்சம் கூட்டலாம், கலர் படம், பேப்பரும் படிக்கலாம். 2024 பொங்கலுக்கு வாங்கிட்டுப் போனேன். ப்ராஜெக்ட் மதுரையிலேர்ந்து பொன்னியின் செல்வனை இறக்கி, எழுத்தை கட்டை விரல் நகம் அளவுக்குப் பெருசாக்கிக் கொடுத்தேன். (தெரியாதவங்களுக்கு: ப்ராஜெக்ட் மதுரை 1998 பொங்கல் அன்னைக்கு ஆரம்பிச்சது. சுவிட்சர்லாந்துல இருந்த முனைவர் கல்யாணசுந்தரமும் உலகம் பூரா இருந்த தன்னார்வலர்களும் பழைய தமிழ் நூல்களைத் தட்டச்சு பண்ணி இலவசமா கொடுத்தாங்க. யூனிகோடு பரவறதுக்கு முன்னாடி தகுதரம் அது இதுன்னு ஆளுக்கொரு எழுத்துரு வெச்சிருந்த காலம். அந்தக் காலத்துல பண்ணின வேலை அது. கையெடுத்துக் கும்பிடணும்.)

அப்பா முகத்துல அன்னைக்கு வந்த சிரிப்பைப் பார்த்து எனக்குத் தலைகால் புரியல. முதல் அத்தியாயத்தைக் கடகடன்னு படிச்சார். நாம ஜெயிச்சாச்சுன்னு பஸ் ஏறிட்டேன்.

ஜெயிச்சது ஒரு பத்து நாள் இருக்கும்.

முதல் பிரச்சினை வெயில். எங்க வீட்டுல படிக்கிற இடம் திண்ணை. டேப்லெட் திரை கண்ணாடி. பகல்ல திண்ணையில வெச்சா கதைக்குப் பதிலா அவர் முகமும் எதிர்வீட்டு வேப்பமரமும்தான் தெரியுது. ரெண்டாவது எடை. அரைக்கிலோ பக்கம். கடையில ஒரு நிமிஷம் தூக்கிப் பார்த்தப்ப ஒண்ணும் தெரியல. அவர் படுத்துக்கிட்டுப் படிக்கிற ஆள். ரெண்டு தடவை மூக்கு மேல விழுந்திருக்கு. மூணாவது, கண்ணுல தண்ணி வருதுன்னார். டாக்டர்கிட்டக் கேட்டோம். திரை வெளிச்சத்தால கண்ணு கெட்டுப் போகல, திரையைப் பார்க்கும்போது கண் சிமிட்டுறது குறைஞ்சிடும், அதனால கண்ணு வறண்டு எரியும், அப்புறம் தண்ணி விடும்னார்.

நாலாவதுதான் பெரிய வில்லன். டேப்லெட்ல கதை மட்டுமா இருக்கு? யூடியூப் இருக்கே! ஏப்ரல் மாசம் அம்மாவோட அடுத்த போன்: "ராத்திரி ஒரு மணி வரைக்கும் எவனெவனோ கத்தறதைப் பார்த்துக்கினு இருக்கார்." டிவி விவாதங்கள். ஒண்ணு முடிஞ்சா அடுத்தது தானா வருதாம். வந்தியத்தேவன் குதிரை மேல உட்கார்ந்தபடியே வீராணம் ஏரிக்கரையில மூணு மாசமா நிக்கறான்.

இதுல அப்பா மேல தப்பே இல்லை. எனக்கே போன்ல ஒரு பக்கம் படிக்கறதுக்குள்ள நாலு நோட்டிஃபிகேஷன் வருது. நம்மளை இழுக்கறதுக்குன்னே உட்கார்ந்து கோடு எழுதறாங்க, நமக்குத் தெரியாததா? அந்தத் தொழில்ல நானும் ஒருத்தன்தானே.

தூக்க விஷயத்துல ஒரு ஆராய்ச்சி கூட இருக்கு. அமெரிக்காவுல ஆன்-மேரி சாங் குழு 12 பேரை வெச்சுப் பண்ணி, 2015-ல வெளிவந்தது. தூங்கறதுக்கு முன்னாடி ஐபேட்ல படிச்ச நாட்கள்ல, அச்சுப் புத்தகம் படிச்ச நாட்களை விட, தூக்கம் வர நேரம் அதிகமாச்சு, மெலடோனின் குறைஞ்சது. 12 பேர் ரொம்பச் சின்ன எண்ணிக்கை, தினம் நாலு மணி நேரம் முழு வெளிச்சத்துல படிக்க வெச்சாங்க, அதனால அதை வேதவாக்கா எடுத்துக்க வேணாம். ஆனா எங்க வீட்டுல ஒருத்தர் தூங்காம இருந்தது உண்மை.

ஆகஸ்ட்ல நான் ஊருக்குப் போனப்ப என் பழைய ஆறு அங்குல ஈ-இங்க் ரீடரை எடுத்துட்டுப் போனேன். ஷீட்ல தோத்துப் போன பார்ட்டி.

இங்க ஒரு சின்ன டெக்னிக்கல் ஜல்லி. டேப்லெட் திரைக்குப் பின்னாடி விளக்கு இருக்கு. அந்த வெளிச்சம் நேரா நம்ம கண்ணுக்கு வருது. ஈ-இங்க் அப்படி இல்லை. தலைமுடி கனம்தான் இருக்கும், அவ்ளோ சின்னச் சின்ன குப்பிங்க லட்சக்கணக்குல உள்ளே இருக்கு. ஒவ்வொரு குப்பிக்குள்ளயும் வெள்ளைத் துகளும் கறுப்புத் துகளும் ஒரு திரவத்துல மிதக்குது. ஒண்ணுக்கு நேர் மின்னூட்டம், இன்னொண்ணுக்கு எதிர். கீழேர்ந்து மின்னழுத்தம் கொடுத்தா தேவையானது மேல வரும். கறுப்பு வந்த இடம் எழுத்து, வெள்ளை வந்த இடம் தாள். வந்தது அப்படியே நிக்கும், நிக்கறதுக்கு கரண்ட் வேணாம். பக்கம் திருப்பும்போதுதான் செலவு. பேட்டரி வாரக்கணக்கா வர்ற ரகசியம் இதான். நம்ம கண்ணுக்கு வர்றது தாள்லேர்ந்து வர்ற மாதிரி பட்டுத் திரும்பற வெளிச்சம். அதனால வெயில் ஏற ஏற எழுத்து இன்னும் பளிச்சுனு தெரியும். ராத்திரிக்கு ஓரத்துல சின்ன விளக்கு இருக்கும், அதுவும் திரை மேலதான் அடிக்கும்.

எம்.ஐ.டி.யில ஆரம்பிச்ச ஆராய்ச்சி 1997-ல ஈ இங்க் கம்பெனி ஆச்சு. 2004-ல சோனி ஜப்பான்ல லிப்ரியே விட்டாங்க. 2007 நவம்பர்ல அமேசான் கிண்டில் வந்துச்சு, 399 டாலர், சில மணி நேரத்துல வித்துத் தீர்ந்துச்சு. 2010-ல ஐபேட் வந்தப்ப "இனிமே இந்தக் கறுப்பு வெள்ளைப் பொட்டியை எவன் வாங்குவான்"னு நிறைய பேர் பால் ஊத்தினாங்க. இன்னும் சாகல. 2024-ல கலர் கிண்டிலே வந்துடுச்சு.

இங்கிலீஷ்ல படிக்கறவனுக்கு கதை இதோட முடிஞ்சிடும். தமிழ்ல படிக்கறவனுக்கு இங்கதான் ஆரம்பமே.

கொம்பு தெரியுமில்லையா, நம்ம கொம்பு? "கொ"ன்னு எழுதினா கம்ப்யூட்டருக்குள்ள முதல்ல க, அப்புறம்தான் உயிர்க்குறி. திரையில காட்டும்போது க-வுக்கு முன்னாடி கொம்பு, பின்னாடி கால்னு பிரிச்சு வைக்கிற வேலையை அந்தக் கருவி செய்யணும். பழைய ரீடருங்களுக்கு இது தெரியாது. கொம்பு தனியா ஒரு புள்ளி வட்டத்தோட அனாதையா நிக்கும். கொக்கு, கோழி எல்லாம் கை கால் இழந்து கிடக்கும். இதுக்கு நம்ம ஆளுங்க கண்டுபிடிச்ச வழி இருக்கே, சூப்பர். 2013-ல ஆரம்பிச்ச ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்துல போய்ப் பாருங்க. எல்லாப் புத்தகத்துக்கும் ஈபப் இருக்கும், ஏ4 பிடிஎஃப் இருக்கும், கூடவே "6 அங்குல பிடிஎஃப்"னு ஒண்ணும் இருக்கும். ரீடருக்குத் தமிழ் தெரியலன்னா என்ன, பக்கத்தையே ரீடர் திரை அளவுக்குக் கோத்து, எழுத்துருவையும் உள்ளே வெச்சுக் கொடுத்துட்டா எந்தப் பொட்டியிலயும் தெரியுமில்ல? நம்ம பாஷை தெரியாத விருந்தாளிக்கு எழுதியே கையில கொடுக்கற மாதிரி. தன்னார்வலர்கள் உட்கார்ந்து பண்ணினது இது. புத்தகங்களும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்துல, யாருக்கு வேணா கொடுக்கலாம்.

2016 டிசம்பர்ல கிண்டில்ல தமிழ், ஹிந்தி, மலையாளம், மராத்தி, குஜராத்திக்கு அமேசான் ஆதரவு கொடுத்தாங்க. அதுக்கப்புறம் கொம்பு ஒழுங்கா வந்து உட்கார்ந்துச்சு.

ஆனா எங்கப்பாவுக்கு 6 அங்குல பிடிஎஃப் ஒத்து வரல. அதுல எழுத்து அளவு நிலையானது, பெருசாக்கினா பக்கம் வெளியில ஓடிடும். அதனால ஈபப். ஒரு ராத்திரி பூரா உட்கார்ந்து காலிபர்ல மாத்தினேன். (காலிபர் எழுதின கோவித் கோயல் நம்ம நாட்டுக்காரர். 2006-ல சோனி ரீடருக்காக ஆரம்பிச்சது, இன்னைக்கு வரைக்கும் இலவசம்.) நல்லா தடிமனான எழுத்துருவா தேடிப் போட்டு, எழுத்து அளவைக் கூட்டி, வரி இடைவெளியைக் கூட்டி... கடைசியில ஒரு பக்கத்துக்கு பத்து வரிதான் வந்துச்சு.

காலையில கையில கொடுத்தேன். தூக்கிப் பார்த்தார். "என்னடா, வெத்தலைப் பொட்டி மாதிரி இருக்கு." இருநூறு கிராம்தான். திண்ணை வெயில்ல உட்கார்ந்தார். பக்கம் திருப்பினார். திரை ஒரு தடவை கறுப்பாகி வெள்ளையாச்சு.

"ஏண்டா, இது என்னைப் பார்த்துக் கண்ணடிக்குது?"

பழைய எழுத்தோட நிழல் தங்காம இருக்க அப்படி அழிச்சு எழுதுதுன்னு விளக்கினேன். "ம்ம். சிலேட்டு"ன்னார். நான் மேலே நாலு பாரா எழுதினதை ஒரே வார்த்தையில முடிச்சுட்டார்.

நியாயமா சொல்லணும், ரீடர்லயும் குறை இருக்கு. அதோட வெள்ளை பால் வெள்ளை கிடையாது, நியூஸ்பேப்பர் வெள்ளை. டேப்லெட் அளவுக்குக் கறுப்பு வெள்ளை எடுப்பா தெரியாது. பார்வை ரொம்பக் குறைஞ்சவங்களுக்கு கறுப்புப் பின்னணியில வெள்ளை எழுத்தா பெரிய டேப்லெட் திரையில படிக்கறதுதான் வசதியா இருக்கலாம். அப்பாவுக்கே சாயங்காலம் ஆறு மணிக்கு மேல ஓர விளக்கு போட்டாத்தான் ஓடுது. பத்து வரிக்கு ஒரு தடவை பக்கம் திருப்பணும். எதையாவது தேடணும்னா ஆமை வேகம். ஆனா அதுல படிக்கறதைத் தவிர வேற எதுவும் பண்ண முடியாது. எங்க வீட்டுக்கு அதுதான் பெரிய வசதியா போச்சு.

அவர் நிஜமா படிக்கிறாரா, இல்ல பேப்பர் மாதிரி சும்மா புடிச்சுக்கிட்டு இருக்காரான்னு எனக்கு உள்ளுக்குள்ள ஒரு சந்தேகம் இருந்துக்கிட்டே இருந்துச்சு. போன்ல கேட்டா "ம், ஓடுது"ம்பார். அவ்ளோதான். நேரா கேட்க எனக்கும் தைரியம் இல்லை.

அதுக்குப் பதில் டிசம்பர்ல கிடைச்சுது.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரை கடந்து, அங்கேயே உட்கார்ந்து கொட்டினது ஞாபகம் இருக்கும். டிசம்பர் 2 விடியக்காலையில சாத்தனூர் அணையிலேர்ந்து தென்பெண்ணையில வினாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி தண்ணி விட்டாங்க. ஆத்தங்கரை ஊர்ல பொறந்தவனுக்கு அந்த நம்பரைப் படிச்சா வயிறு கலங்கிடும். வீட்டுக்கு போன் போட்டா சுவிட்ச் ஆஃப். பக்கத்து வீட்டுக்குப் போட்டா தொடர்பு எல்லைக்கு வெளியில. எங்க தெரு மேடுன்னு மூளைக்குத் தெரியும், மனசு கேட்குமா? ரெண்டு நாள் ஆபீஸ்ல நான் எழுதின கோடு எதுவும் ஓடியிருக்காது. விழுப்புரம் பக்கம் ரோடு மேலயே தண்ணி. புதன்கிழமைதான் சுத்தி சுத்தி பஸ் மாறி ஊர் போய்ச் சேர்ந்தேன்.

தெருவுல தண்ணி இல்லை. கரண்டும் இல்லை, ஞாயித்துக்கிழமையிலேர்ந்து. டேப்லெட், ரெண்டு போன் எல்லாம் செத்து வரிசையா அலமாரியில கிடந்துச்சு. உள்ளே இருட்டுல அப்பா குரல் கேட்டுச்சு. படிச்சுக்கிட்டு இருந்தார், சத்தமா. அம்மா சுவத்துல சாஞ்சு உட்கார்ந்து கேட்டுக்கிட்டு இருந்தாங்க. அந்தச் சின்ன விளக்கு வெளிச்சம் அவர் மூக்குக் கண்ணாடியில மட்டும் தெரிஞ்சுது.

நான் ரெண்டு நாளா சோறு தூக்கம் இல்லாம வந்து நிக்கறேன். என்னைப் பார்த்ததும் முதல் கேள்வி என்ன தெரியுமா?

"வாடா. இதுல மூணாம் பாகம் இருக்கா, இல்ல ரெண்டோட நிறுத்திட்டியா?"

கோவம்னா கோவம். "நான் அங்க பதறிக்கிட்டு கிடக்கேன், உங்களுக்கு மூணாம் பாகமா?"ன்னு கத்திட்டேன். அம்மாதான் நடுவுல, "மூணு நாளா இதுதான்பா எங்களுக்குத் துணை. ஆத்து சத்தம் கேட்காம இருக்கணும்னு கத்திக் கத்திப் படிச்சார்"னாங்க. அப்புறம் நான் எதுவும் பேசல. மூணாம் பாகம் உள்ளேயே இருந்துச்சு, எங்க அமுக்கணும்னு காட்டினேன். பேட்டரி அப்பவும் பாதிக்கு மேல இருந்துச்சு.

சரி, ரீடர்தான் ஜெயிச்சுதுன்னு முடிச்சுடலாம்னு பார்த்தா, அப்பா விடல.

அந்த வாரமே ஒரு கேள்வி கேட்டார். "நான் படிச்சு முடிச்சதும் இதை பாய்லர் ஹவுஸ் ஆளுக்குக் கொடுக்கலாமா?" ரிட்டயர் ஆகியும் அவருக்கு பழைய வட்டம் மறக்கல. பொன்னியின் செல்வன் நாட்டுடைமை, பிரச்சினையே இல்லை, கோப்பை வாட்ஸ்அப்ல அனுப்பி வெச்சேன். ஆனா நான் காசு கொடுத்து வாங்கி வெச்சிருந்த ஒரு நாவலையும் கேட்டார். அதை எப்படிக் கொடுக்கறது? பூட்டு போட்டது, என் கணக்கோட கட்டினது. "காசு கொடுத்துதானே வாங்கினே?" "ஆமா." "அப்ப உன்னுதுதானே?" என்னால ஆமான்னு சொல்ல முடியல.

2009 ஜூலையில வித்தவங்களுக்கு உரிமை இல்லைன்னு தெரிஞ்சதும், வாங்கினவங்க கிண்டில்லேர்ந்து அமேசான் சில புத்தகங்களைத் தூரத்துல இருந்தே அழிச்சாங்க. அழிச்ச புத்தகம் எதுன்னா, ஆர்வெல்லோட 1984! காசைத் திருப்பிக் கொடுத்தாங்க, மன்னிப்பும் கேட்டாங்க. 2025 பிப்ரவரியில, வாங்கின புத்தகத்தை கம்ப்யூட்டர்ல இறக்கி கேபிள் வழியா ஏத்தற வசதியையும் எடுத்துட்டாங்க. எங்கப்பாவோட கோணி ஊசி பைண்டிங்கை யாரும் அப்படித் தூரத்துல இருந்து அழிக்க முடியாது. கரையான் மட்டும்தான் முடியும். :-)

கரையான்னதும் ஞாபகம் வருது. 2025 பொங்கல் லீவுல பரண்ல இருந்த டிரங்குப் பெட்டியை இறக்கினோம். பைண்டிங் பதினோரு வால்யூம். ரெண்டை ஏற்கனவே கரையான் தின்னாச்சு. மிச்சம் ஒன்பது. தாள் பழுப்பேறி, தொட்டா ஓரம் உதிருது. அப்பா ஒண்ணை எடுத்துக் கண்ணு பக்கத்துல, தூரத்துல, திரும்ப பக்கத்துல வெச்சுப் பார்த்தார். அப்புறம் பேசாம கீழ வெச்சுட்டார். அவர் நிஜமா திரும்பப் படிக்க ஆசைப்பட்டது இதைத்தான்னு எனக்கு அப்பத்தான் புரிஞ்சுது. நான் ஒரு வருஷமா அவருக்கு என்ன வேணும்னு கேட்கவே இல்லை. எதுல வேணும்னு மட்டும்தான் ஷீட் போட்டிருந்தேன்.

நாலு நாள் மொட்டை மாடியில உட்கார்ந்து போன்லயே ஒவ்வொரு பக்கமா போட்டோ எடுத்தேன். அம்மா பக்கம் திருப்பினாங்க. ரெண்டு வால்யூம்தான் முடிஞ்சுது. அதை ரீடர்ல ஏத்தினா ஒண்ணுத்துக்கும் ஆகல. போட்டோவுல எழுத்தைத் தனியா பெருசாக்க முடியாது, பக்கத்தையே பெருசாக்கி இழுத்து இழுத்துப் பார்க்கணும். ஆறு அங்குல சிலேட்டுல அது நரகம். அப்பத்தான் அலமாரியில தூங்கிக்கிட்டு இருந்த டேப்லெட்டை எடுத்தேன். வைஃபையை அணைச்சு, யூடியூபைத் தூக்கி, அந்தப் பக்கங்களை மட்டும் போட்டேன். ரெண்டு விரலால பெருசாக்கினா பழுப்புத் தாள், ஓவியரோட படம், மூலையில இருந்த விளம்பரம் வரைக்கும் அப்படியே வந்துச்சு.

ஓரத்துல பென்சில்ல நம்பர் நம்பரா எழுதியிருந்துச்சு. "இது என்னப்பா?" "டோக்கன் நம்பர். வண்டி வந்துட்டா கையில கிடைச்ச இடத்துல எழுதிடுவேன், அப்புறமா ரிஜிஸ்டர்ல ஏத்துவேன்"னார். கொஞ்ச நேரம் அந்த நம்பரையே பெருசாக்கிப் பெருசாக்கிப் பார்த்துக்கிட்டு இருந்தார். கதைக்கு வர பத்து நிமிஷம் ஆச்சு.

இப்ப வீட்டு நிலவரம் என்னன்னா: காலையில கூடத்துல மேசை மேல டேப்லெட்டை நிறுத்தி வெச்சு பைண்டிங். மத்தியானம் திண்ணையில ரீடர். ராத்திரி படுக்கையில ரீடர். பேப்பரை அம்மா படிச்சுச் சொல்றாங்க. எனக்கு இன்னும் ஏழு வால்யூம் பாக்கி. கரையானுக்கும் எனக்கும் நடக்கற பந்தயத்துல நான் மெதுவாத்தான் போய்க்கிட்டு இருக்கேன்.

ஆக, கேட்ட மூணு பேருக்கும் என் பதில்:

கதை, நாவல், கட்டுரைன்னு எழுத்து மட்டும் ஓடற புத்தகமா? ஈ-இங்க் ரீடர். தமிழ்ல ஈபப் கிடைக்குதான்னு முதல்ல பாருங்க. வெயில்லயும் படுக்கையிலயும் படிக்கிற ஆள்னா யோசிக்கவே வேணாம்.

ஸ்கேன் பண்ணின பழைய நூல், காமிக்ஸ், படம் போட்ட பாடப் புத்தகம், ஏ4 பிடிஎஃபா? டேப்லெட். தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகத்துல கிடைக்கிற பழைய புத்தகங்கள் பலதும் ஸ்கேன்தான், அதுக்கும் டேப்லெட்தான் சரி. வாங்கின கையோட நோட்டிஃபிகேஷனை அணைச்சுடுங்க.

வயசானவங்களுக்கு வாங்கறீங்களா? ரெண்டையும் யார்கிட்டயாவது ஒரு நாள் கடன் வாங்கி அவங்க கையில கொடுத்துப் பாருங்க. அதுக்கும் முன்னாடி, என்ன படிக்கணும்னு ஆசைன்னு கேளுங்க. எனக்கு இதைக் கேட்கத் தோண ஒரு வருஷம் ஆச்சு.

மூணாம் பாகம் முடிஞ்சு, நாலு முடிஞ்சு, அஞ்சும் முடிச்சுட்டார். போன வாரம் போன் பண்ணி, "கடைசியில அவசர அவசரமா முடிச்சுட்டார்டா கல்கி"ன்னு ஒரே குறை. நாப்பது நிமிஷம் சண்டை போட்டோம். ரொம்ப வருஷம் கழிச்சு அப்பாகிட்ட அவ்வளவு நேரம் பேசினேன்.

பி.கு. 1: உங்க வீட்டுப் பரண்லயும் பைண்டிங் இருந்தா மழைக்காலத்துக்கு முன்னாடி இறக்கிப் பாருங்க மக்களே.

பி.கு. 2: ஃபிரிட்ஜ் ரிப்பேருக்கு தயவுசெஞ்சு எனக்கு போன் பண்ணாதீங்க. அவ்வ்வ்வ்...